எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்? – அணுகுண்டு இல்லாத அணுகுண்டு சோதனைகள்

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 4 அன்று, காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் குறுங்குடியில் ஒரு பட்டாசு தயாரிப்புக் கூடம் வெடித்தது. குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள், எல்லாருமே அங்கே வேலை பார்த்த பெண்கள். முதல் சம்பவத்தை உலகமே செல்போன் வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தது. இரண்டாவதைப் பற்றி ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு வட்டாரத்தைத் தாண்டி அதிக நாள் யாரும் பேசவில்லை.

அளவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இரண்டிலும் வருகிற கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு தூரம் தள்ளி இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. செல்போன் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் பட்டாசுக் கூடத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் கிடையாது. அணுகுண்டு வெடித்தால் கப்பல் என்னாகும், காடு என்னாகும், பதுங்கு குழி தாங்குமா என்று தெரிந்துகொள்ள நினைத்த ராணுவங்கள். அதற்காக அவர்கள் நூற்றுக்கணக்கான டன், கடைசியில் ஆயிரக்கணக்கான டன் சாதாரண வெடிமருந்தைப் பாலைவனத்திலும் தீவிலும் குவித்து வெடித்தார்கள். அந்தக் கதையும், அது நம் ஊர் குடோனுக்கு என்ன சொல்கிறது என்பதும்தான் இந்தப் பதிவு.

ஒரு பிஎஸ்ஐ என்ன பெரிய விஷயமா?

வெடிப்பில் சேதம் செய்வது பெரும்பாலும் அழுத்த அலை. வெடித்த இடத்தில் உருவான சூடான வாயு சுற்றியுள்ள காற்றை ஒலியைவிட வேகமாகத் தள்ளும். அந்தக் காற்று ஒரு சுவர் மாதிரி இறுகி வெளியே ஓடும். அது வந்து மோதும்போது வழக்கமான காற்றழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் அளவுகோல். இந்தத் துறையில் பழைய பிஎஸ்ஐ கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. டயருக்குக் காற்று அடிக்கிற கடையில் நாம் சொல்கிற அதே பிஎஸ்ஐ.

பைக் டயருக்கு 30 பிஎஸ்ஐ வைக்கிறோம், 1 பிஎஸ்ஐ என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஒரு வீட்டுக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு அடி உயரம், மூன்று அடி அகலம். அதாவது 3,024 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் ஒரு பவுண்டு. மொத்தம் 3,024 பவுண்டு, சுமார் 1,370 கிலோ. ஒரு சின்னக் காரின் எடை திடீரென்று கதவுமேல் சாய்கிற மாதிரி. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் அடிக்கிற புயல்காற்று ஒரு சுவரில் தருகிற அழுத்தம் கணக்குப்படி சுமார் 0.13 பிஎஸ்ஐதான். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒப்பீடு புரியும். புயல் மணிக்கணக்கில் ஆட்டி ஆட்டிச் சாய்க்கிறது. வெடி ஒரே அறை.

தோராயமாகச் சொன்னால் 1 பிஎஸ்ஐக்குப் பெரும்பாலான ஜன்னல் கண்ணாடிகள் உடையும். 2, 3 பிஎஸ்ஐக்குச் செங்கல் சுவர் விரிசல் விட்டு விழ ஆரம்பிக்கும். 5 பிஎஸ்ஐக்குச் சாதாரண வீடு நிற்காது. கூடவே மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் காற்றும் அடிக்கும். மனித உடம்பு வெறும் அழுத்தத்தை வீட்டைவிட நன்றாகவே தாங்கும். நம்மைக் கொல்வது பெரும்பாலும் நம்மேல் விழுகிற சுவரும் பறந்து வருகிற கண்ணாடியும்தான்.

இன்னொரு விஷயம். அலை ஒரு சுவரில் நேருக்கு நேர் மோதித் திரும்பும்போது அழுத்தம் குறைந்தது இரண்டு மடங்காகும். அலை வலுவாக இருந்தால் அதற்கும் மேல். இந்தக் கணக்கைப் போட்டவர்களில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943 முதல், அமெரிக்காவின் அபர்தீன் ராணுவ ஆய்வுக்கூடத்தில் பகுதிநேரமாக வேலை செய்தார். அதிர்ச்சி அலை எப்படித் தேய்கிறது, சுவரில் மோதினால் எப்படித் திரும்புகிறது என்று அங்கே அறிக்கைகள் எழுதினார். நட்சத்திரத்தின் உள்ளே வாயு படும் பாட்டுக்குப் பயன்பட்ட அதே கணிதம் இங்கேயும் பயன்பட்டது.

லட்டு கணக்கு

இப்போது முக்கியமான விதி. ஒரு லட்டின் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு விட்டத்தில் இன்னொரு லட்டு பிடிக்க எவ்வளவு பூந்தி வேண்டும்? இரண்டு மடங்கு போதாது. எட்டு மடங்கு வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பாகிறதே.

வெடிப்பும் அப்படித்தான். வெடிமருந்தின் சக்தி சுற்றியுள்ள காற்றின் கன அளவு முழுவதும் பரவுகிறது. அதனால் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் எட்டுகிற தூரம், மருந்தின் எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. 1915-இல் இங்கிலாந்தில் பெர்ட்ரம் ஹாப்கின்சனும், பிறகு தனியாக ஜெர்மனியில் கார்ல் கிரான்ஸும் இதைச் சொன்னார்கள். இருவர் பெயரிலும்தான் இந்த விதி வழங்குகிறது.

தரையில் வைத்து வெடிக்கிற டிஎன்டிக்கு 1 பிஎஸ்ஐ எட்டும் தூரம் தோராயமாக இப்படி வரும்:

1 கிலோ – 18 மீட்டர்
1 டன் – 180 மீட்டர்
1,000 டன் – 1,800 மீட்டர்

ஒவ்வொரு படியிலும் மருந்து ஆயிரம் மடங்கு கூடுகிறது, தூரம் பத்து மடங்குதான் கூடுகிறது. ஃபார்முலாவாகச் சொன்னால், கிலோவில் எடையை எடுத்து, கனமூலம் கண்டு, 18-ஆல் பெருக்கினால் 1 பிஎஸ்ஐ எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 5 பிஎஸ்ஐக்கு 18-க்குப் பதில் சுமார் 6 போடலாம். பொறியியல் வடிவமைப்புக்கு இது போதாது, ஆனால் நிலைமையைப் புரிந்துகொள்ள இது தாராளம்.

அப்படின்னா சின்னதா வெடிச்சே கண்டுபிடிக்கலாமே?

நியாயமான கேள்வி. ஒரு கிலோ வெடித்து அளந்துவிட்டு மீதியைப் பேப்பரில் பெருக்கிக்கொண்டால் ஆச்சே, எதற்கு ஆயிரக்கணக்கான டன்?

விதி தூரத்தோடு நேரத்தையும் சுருக்குகிறது என்பதில்தான் சிக்கல். ஒரு கிலோவின் அலை ஒரு பொருளைத் தள்ளுவது சில மில்லி விநாடிதான். ஆயிரம் டன்னின் அலை, அதே அழுத்தத்தில், அதைப்போல நூறு மடங்கு நேரம் தள்ளும். ஒரு பெரிய மரமோ, கப்பலின் ராடார் கோபுரமோ, கான்கிரீட் கூரையோ அசைந்து வளைய அதற்கென்று ஒரு நேரம் எடுக்கும். சில மில்லி விநாடியில் வந்து போகிற தட்டலை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதே அழுத்தம் விநாடியின் பத்தில் சில பங்கு நேரம் நீடித்தால் முறிந்துவிடும்.

காற்றை நம் இஷ்டத்துக்குச் சுருக்கிக் கணக்குப் போடலாம். ஆனால் மரத்தையும் கப்பலையும் மனுஷனையும் சுருக்க முடியாது. எங்கள் தொழிலில் சொன்னால், தனித்தனியாக ஒவ்வொரு ஃபங்ஷனும் டெஸ்டில் பாஸ் ஆகும், ஆனால் லட்சம் பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பது லோட் டெஸ்ட் செய்தால்தான் தெரியும். இவர்கள் செய்தது லோட் டெஸ்ட்.

குவித்து வைத்து வெடித்தவர்கள்

முதல் ஒத்திகை, முதல் அணுகுண்டுக்கும் முன்னாலேயே நடந்தது. 1945 மே 7 அன்று, நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில், டிரினிட்டி சோதனை நடக்க இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சுமார் 6 மீட்டர் உயர மேடையில் நூறு டன்னுக்கு மேல் வெடிமருந்தை அடுக்கி வெடித்தார்கள். கருவிகளை அளவு சரிபார்ப்பதுதான் நோக்கம். குவியலுக்கு நடுவே குழாய்களில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளையும் வைத்தார்கள், அது எப்படிப் பரவும் என்று பார்க்க. உண்மையான குண்டு ஜூலை 16-இல் வெடித்தது.

அடுத்த பதினெட்டு ஆண்டுகள் ஒத்திகைக்கு அவ்வளவாகத் தேவை இருக்கவில்லை. அசலையே காற்றில் வெடித்துக்கொண்டிருந்தார்கள். 1963 ஆகஸ்டில் பகுதி சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தது. காற்றிலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதனை கூடாது. இந்தியாவும் கையெழுத்திட்டது. அணு சோதனைகள் பூமிக்கு அடியில் போயின. பூமிக்கு அடியில் வெடித்தால் காற்றில் அழுத்த அலை எப்படி ஓடும் என்று தெரியாதே! அங்கேதான் சாதாரண வெடிமருந்துக்கு மவுசு வந்தது.

அந்த ஒப்பந்தத்துக்கு மூன்று வாரம் முன்னால், 1963 ஜூலை 18-இல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடகோடியில் ஒரு மழைக்காட்டுக்குள் கோபுரம் கட்டி, அதன்மேல் 50 டன் டிஎன்டியை வெடித்தார்கள். காட்டுக்குமேல் அணுகுண்டு வெடித்தால் படைகள் நடந்து போக வழி இருக்குமா என்பது கேள்வி. மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து வழியை அடைத்துக்கொண்டன. தானேவுக்கு மறுநாள் நம் மாவட்டத்து ரோடுகள் எப்படி இருந்தனவோ அப்படி.

1964-இல் கனடாவின் சஃபீல்டு மைதானத்தில் 500 டன் டிஎன்டி. கட்டி கட்டியாக, செங்கல் அடுக்குவதுபோலக் கையால் அரைக்கோள வடிவில் அடுக்கினார்கள். வெடித்த பள்ளத்தின் நடுவே ஒரு மேடு எழும்பி நின்றது. நிலாவின் பெரிய பள்ளங்களின் நடுவில் ஏன் மேடு இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த புவியியலாளர்களுக்கு அது எதிர்பாராத பரிசு.

1965-இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கஹோலாவேயின் கரையில், தலா 500 டன் டிஎன்டி, மூன்று முறை. பக்கத்துக் கடலில் கப்பல்களை நிறுத்தி வைத்து அவை தாங்குகின்றனவா என்று பார்த்தார்கள். ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு அது புனிதத் தீவு. பெரிய போராட்டத்துக்குப் பிறகுதான் ராணுவம் அங்கே குண்டு போடுவதை 1990-இல் நிறுத்தியது. அந்த வெடிப்புப் பள்ளம் இன்றைக்கு உப்புத் தண்ணீர்க் குளம். அதில் சின்னச் சின்ன இறால்கள் வாழ்கின்றன.

டிஎன்டியைக் கையால் அடுக்குவது செலவும் சிரமமும் பிடித்த வேலை. எழுபதுகளில் அம்மோனியம் நைட்ரேட் உரத்தை அடிப்படையாகக் கொண்ட, சுரங்கங்களில் பயன்படுகிற மலிவான கலவைக்கு மாறினார்கள். அதன்பிறகு அளவு எகிறியது. 1985 ஜூன் 27 அன்று நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் மைதானத்தில் ‘மைனர் ஸ்கேல்’ என்று பெயர் வைத்து, அமெரிக்க டன் கணக்கில் 4,744 டன் கலவையை ஒரே குவியலாக வெடித்தார்கள். சுமார் 4,000 டன் டிஎன்டிக்குச் சமம். இதை 8,000 டன் அணுகுண்டின் அழுத்த அலைக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1987 மே மாதம் கிட்டத்தட்ட அதே அளவில் ‘மிஸ்டி பிக்சர்’. இந்த வரிசை தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஓடியது. 2006-இல் நெவாடாவில் 700 டன் வெடிக்கப் போட்ட திட்டத்தை, பழைய கதிரியக்கத் தூசி கிளம்பும் என்று சுற்றுவட்டார மக்கள் எதிர்த்ததால் கைவிட்டார்கள்.

நாலாயிரம் எப்படி எட்டாயிரம் ஆனது?

அணுகுண்டின் சக்தி முழுவதும் அழுத்த அலையாகப் போவதில்லை. காற்றில் வெடிக்கும் குண்டில் தோராயமாகப் பாதிதான் அழுத்தமாகும். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் வெப்பமாகவும் ஒளியாகவும் போகும். மீதி கதிரியக்கம். அதனால் அணுகுண்டின் அழுத்த அலையை நகலெடுக்க, அதன் பாதி எடை டிஎன்டி போதும். ஹிரோஷிமா குண்டு சுமார் 15,000 டன். அப்படிப் பார்த்தால் மைனர் ஸ்கேல், ஹிரோஷிமாவின் அழுத்த அலையில் ஏறக்குறைய பாதியை நகலெடுத்தது.

அழுத்த அலையை மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹிரோஷிமாவில் தோலைப் பொசுக்கிய வெப்பம் உரக் குவியலில் கிடையாது. அதற்கென்று தனியாக, திரவ ஆக்சிஜனில் அலுமினியத் தூளை எரிக்கும் பெரிய தீப்பந்தங்களைச் சோதனைப் பொருளுக்கு முன்னால் நிறுத்தி, அலை வருவதற்குச் சற்று முன்னால் கொளுத்தினார்கள். கதிரியக்கத்துக்கும், மின்னணுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்யும் மின்காந்தத் துடிப்புக்கும் அங்கே நகல் இல்லை. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் தீப்பிடிப்பது, ஆஸ்பத்திரியே இல்லாமல் போவது, அடுத்த வாரம் முடி கொட்டுவது, இதெல்லாம் எந்த ஒயிட் சாண்ட்ஸ் அறிக்கையிலும் வராது. அந்த அறிக்கைகளைப் படிக்கிறபோது அணுகுண்டு என்பது ஏதோ பெரிய சைஸ் வெடி, சுவர் கொஞ்சம் கெட்டியாகக் கட்டினால் சமாளிக்கலாம் என்ற எண்ணம் தலைதூக்கும். அந்த எண்ணத்தை நம்பக் கூடாது.

இந்தியாவுக்கு வந்தால்

நம் நாட்டில் இப்படி ஒரு பெரிய வெடிப்பு நடந்தது, திட்டமிடாமல். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள். அதோடு பஞ்சுப் பொதிகளும் ஒரே கப்பலில்! பஞ்சில் தீ பிடித்தது. மாலை நாலு மணிக்கு மேல் அரை மணி இடைவெளியில் இரண்டு முறை வெடித்தது. 1,700 கி.மீ.க்கு அப்பால் சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவியில் அது பதிவானது. தீயணைப்பு வீரர்கள் பலர் அங்கேயே போனார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14-இல் தீயணைப்பு நிலையங்களில் தீத்தொண்டு வாரம் தொடங்குவது அவர்கள் நினைவாகத்தான்.

இந்தியாவின் அணு சோதனைகள், 1974-இலும் 1998-இலும், பொக்ரானில் பூமிக்கு அடியில் நடந்தவை. காற்றில் அழுத்த அலை என்ன செய்யும் என்பதற்கு நம் பொறியாளர்கள் கையில் எடுக்கிற புத்தகம் வேறு: ஐ.எஸ். 4991. தரைக்கு மேல் நடக்கும் வெடிப்பைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம், 1968-இல் வந்தது. அதன் முக்கிய அட்டவணை ஒரு டன் வெடிமருந்துக்குப் போடப்பட்டிருக்கிறது. வேறு எடையாக இருந்தால் என்ன செய்வது? தூரத்தையும் நேரத்தையும் எடையின் கனமூலத்தால் வகுத்துக்கொள். அதே லட்டு கணக்கு!

கால்வாசி சரக்கு, முக்கால்வாசி ஆபத்து?

பெய்ரூட் வெடித்த வாரத்தில் சென்னையிலும் ஒரு செய்தி வெடித்தது. 2015-இல் உரிமம் சரியில்லை என்று சுங்கத்துறை பிடித்து வைத்த 740 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் அஞ்சு வருஷமாக இருக்கிறது என்று. அந்த வருஷ வெள்ளத்தில் கொஞ்சம் வீணானது போக மீதி சுமார் 697 டன். அவசர அவசரமாக ஏலம் முடிந்து லாரிகளில் ஹைதராபாத்துக்குப் போனது. ‘பெய்ரூட்டில் 2,750 டன், இங்கே அதில் கால்வாசிதானே’ என்று அப்போது பலரும் சமாதானம் சொன்னார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெய்ரூட் வெடிப்பு 500 முதல் 1,100 டன் டிஎன்டி அளவு என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதாவது அங்கே இருந்த நைட்ரேட் ஏறக்குறைய தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு டிஎன்டி மாதிரி நடந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். மணலிச் சரக்கு முழுவதும் ஒன்றாக வெடித்திருந்தால் 232 டன் டிஎன்டி. அதாவது 2,32,000 கிலோ. கனமூலம் 61-க்குக் கொஞ்சம் மேல். 18-ஆல் பெருக்கினால் சுமார் 1,100 மீட்டர். பெய்ரூட்டுக்கு இதே கணக்கு சுமார் 1,750 மீட்டர் தரும்.

சரக்கு கால்வாசி, ஆனால் கண்ணாடி உடையும் தூரம் 63 சதவீதம். வீடுகள் இடியும் 5 பிஎஸ்ஐ தூரம் மணலிக்கு சுமார் 370 மீட்டர். தனியாகக் கன்டெய்னரில் கிடக்கும் அம்மோனியம் நைட்ரேட் சும்மா இருக்கும்போது வெடிக்காது, கடும் தீயோ கலப்படமோ தேவை என்பது உண்மைதான். பெய்ரூட்டிலும் ஆறு வருஷத்துக்கு மேல் சும்மாதான் கிடந்தது.

கனமூலம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. குண்டைப் பெரிதாக்குகிறவனுக்கு அது ஏமாற்றம்: எட்டு மடங்கு செலவழித்தால் இரண்டு மடங்கு தூரம்தான். குடோனைச் சிறிதாக்கி நிம்மதி அடைய நினைக்கிறவனுக்கும் அதே ஏமாற்றம்: எட்டில் ஏழு பங்கை அப்புறப்படுத்தினாலும் ஆபத்தான தூரம் பாதிதான் குறையும்.

அதனால்தான் வெடிபொருள் விதிகள் அளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. தனித்தனியாகப் பிரித்து வை, நடுவில் இடம் விடு, மண்மேடு போடு, ஒரு அறையில் இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது, இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று போகின்றன. ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்காத அளவுக்கு இடைவெளி இருந்தால், எட்டுக் குவியலும் எட்டு சின்ன வெடிகள். இடைவெளி இல்லையென்றால் எட்டும் சேர்ந்து ஒரே பெரிய வெடி. நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளில் எவ்வளவு எடைக்கு எவ்வளவு தூரம் என்று அட்டவணைகளே இருக்கின்றன. அம்மோனியம் நைட்ரேட்டுக்குத் தனியாக 2012-இல் விதிகள் வந்தன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைப் பார்த்துக்கொள்கிறது.

நெய்வேலிச் சுரங்கத்திலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கிற கெட்டியான மணற்பாறையை வெடி வைத்துத் தளர்த்தித்தான் ராட்சத இயந்திரங்கள் வெட்டுகின்றன. அந்த வெடிகளை ஒரே நொடியில் வெடிப்பதில்லை. மில்லி விநாடிக் கணக்கில் தாமதம் கொடுத்து வரிசையாக வெடிக்கிறார்கள். மொத்த எடை எவ்வளவு என்பதைவிட, ஒரு தாமதத்துக்குள் எவ்வளவு எடை என்பதுதான் பக்கத்து ஊர் வீட்டின் அதிர்வைத் தீர்மானிக்கிறது. குடோனில் இடத்தால் பிரிக்கிறோம், சுரங்கத்தில் நேரத்தால் பிரிக்கிறார்கள்.

பட்டாசுக் கூடத்துக்கு வருவோம். பட்டாசு மருந்து டிஎன்டி கிடையாது, பெரும்பாலும் அதைவிட வலு குறைவு. ஆனால் அறைக்குள்ளேயே, கைக்கெட்டும் தூரத்திலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு எந்தக் கனமூலமும் உதவாது. பூஜ்ய தூரத்தில் பாதுகாப்பு கிடையாது. அங்கே ஒரே வழி, அந்த அறையில் மருந்தும் ஆளும் குறைவாக இருப்பது, பக்கத்து அறை தள்ளி இருப்பது. நெருக்கி உட்கார வைப்பதும், காய்ந்த சரக்கை அதே அறையில் குவிப்பதும் அந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி நாடாவைப் பிடித்து அளக்கிற ஒவ்வொரு மீட்டரும் ஒரு உயிர்க்கணக்கு.

வெளிச்சம் முதலில், அலை பிறகு

கடைசியாக, எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. ஒளி உடனே வரும். அழுத்த அலை ஏறக்குறைய ஒலியின் வேகத்தில்தான் வரும். கண்ணாடி உடையும் 1,800 மீட்டர் தூரத்தில் இருப்பவருக்கு நடுவில் சுமார் ஐந்து விநாடி இருக்கிறது. அந்த ஐந்து விநாடியில் பெரும்பாலானவர்கள் செய்வது, என்ன வெளிச்சம் என்று ஜன்னல் பக்கம் ஓடுவது.

1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் எரிந்தபோது, ஊரே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. வெடித்தபோது நூற்றுக்கணக்கானோர் கண்களை இழந்தார்கள். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே விண்கல் வெடித்தது. வெளிச்சத்துக்கும் அலைக்கும் நடுவே ஊருக்குள் நிமிஷக் கணக்கில் நேரம் இருந்தது. காயம்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலானோருக்குக் கண்ணாடித் துண்டுகள்தான் காரணம். பெய்ரூட்டிலும் புகையைப் படம் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் தூரத்தில் குடோனோ, டேங்கரோ, பட்டாசுக் கூடமோ எரிவதைப் பார்த்தால் செல்போனை எடுக்காதீர்கள். ஜன்னலை விட்டு விலகி, உள்சுவருக்குப் பின்னால் தரையோடு தரையாகப் படுங்கள், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. வெடிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, சட்டையில் கொஞ்சம் தூசி.

அணுகுண்டு வெடித்ததா, உரக் குவியல் வெடித்ததா என்று நில அதிர்வை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. அதற்காகவே அறுபதுகளில் கர்நாடகத்தில் கௌரிபிதனூர் நில அதிர்வு நிலையத்தை அமைத்தார்கள். அடுத்த பதிவில் அங்கே போவோம்.